நிழல் நுனியில் ஒரு தூசு

கோரல் எடுக்கும் படத்தில் ஒரு தூசு இருக்கும். இந்த ஊரில் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். வருடத்துக்கு ஒரே ஒரு படம்தான் அவள் வெளியே காட்டுவாள். ஆனி மாதத்தில், இங்கே பகல் மிகவும் குறுகிப்போகும் அந்த நாளின் விடியலில், குன்றின் உச்சியில் நின்று எடுத்தது. மேலே இளஞ்சிவப்பு வானம், கீழே நீலச் சமவெளி, அதன்மேல் முக்கோணமாகப் படுத்துக் கிடக்கும் குன்றின் நிழல். அந்த நிழலின் கூர்நுனியில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு.

புகைப்படக் குழுவில் அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். லென்ஸைத் துடைக்கத் தெரியாதவளுக்கு எதற்குக் கேமரா என்பார் ஒருவர். பஸ் ஓட்டுகிற கை, கண்ணாடியை மட்டும்தான் துடைக்கும் என்பார் இன்னொருவர். கோரல் சிரித்துக்கொண்டே இஞ்சி பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்பாள்.

அது தூசு இல்லை. அது அவளுடைய தம்பி.

நான் பழனிவேல். பூமியின் தென்பாதியில், ஆனியில் குளிர்காலம் வரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பள்ளிக்கூடப் பேருந்துகள் நிற்கும் பணிமனையில் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த அன்றே இவர்கள் என் பெயரைப் பிய்த்து ‘பால்’ என்று வைத்துக்கொண்டார்கள். பழனி முருகனுக்கு அபிஷேகம் செய்ததில் மிச்சம் அதுதான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். கோரல் அங்கே பேருந்து ஓட்டுகிறாள். குட்டையான, அகலமான பெண். அறுபதை எட்டிவிட்டாள். குளிர்காலத்தில் தானே பின்னிய கம்பளிக் குல்லாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வாள். மேலே இருப்பது கிளிப்பச்சை, கீழே இருப்பது ஆரஞ்சு. பிள்ளைகள் பேருந்தை அடையாளம் காண்பது எண்ணை வைத்து அல்ல, குல்லாயை வைத்து. கல்யாணம் ஒன்று நடந்தது. மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று டார்வினுக்குப் போன கணவன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய முதல் கேமரா பேருந்தில் யாரோ விட்டுப்போனது. ஒரு வருடம் பணிமனை அலமாரியில் கிடந்தது. யாரும் தேடி வராததால் அவளிடம் வந்தது. குழுவில் அவளைச் சேர்த்தது அந்தக் கேமரா, என்னைச் சேர்த்தது அவள். எனக்குப் படம் எடுப்பதில் பெரிய ஆசை கிடையாது. விடியலைப் பார்க்க ஊரே முண்டியடிக்கும், ஆனால் பார்க்கமாட்டார்கள், கேமராவின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். இதைச் சொன்னால் எனக்குப் பொறாமை என்பார்கள். சரி, இருக்கட்டும்.

இந்த ஊரில் பாராட்டுக்கு ஒரே வார்த்தைதான் உண்டு: ‘பரவால்ல.’ பிள்ளை பிறந்தாலும் பரவால்ல, காய்ந்து கிடக்கும் ஆற்றில் வெள்ளம் வந்தாலும் பரவால்ல. அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் கடன் கேட்கப் போகிறானோ என்று பார்ப்பார்கள். கோரலின் படத்துக்கு அந்தப் ‘பரவால்ல’கூட முழுசாகக் கிடைத்ததில்லை. “பரவால்ல, அந்தத் தூசு மட்டும் இல்லைன்னா” என்பார்கள்.

குன்று என்று நாங்கள் சொல்வது நல்ல பெரிய மலை. வரைபடத்தில் அதற்கு யாரோ ஒரு வெள்ளைக்கார அளவையாளரின் பெயர் இருக்கிறது. மலைக்கு உரிய மக்கள் வைத்த பெயர் அதைவிட வெகு மூத்தது, என் நாக்குக்கு அது ஒழுங்காக வராது. அதற்கு மேற்கே, சமவெளியில் தன்னந்தனியாக ஒரு தகரக் கூரை வீடு. கோரலின் அப்பா அங்கே மாடு வளர்த்தார். கோரல் பிறந்தது வருடத்தின் மிகக் குறுகிய நாளில். சின்ன வயதில் ஒரு பிறந்த நாளுக்கு அப்பா அவளை இருட்டிலேயே எழுப்பி உச்சிக்குக் கூட்டிப்போனார். தம்பி கிளெம்முக்கு மார்ச்சளி. அவனை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவன் வீடு இடிய அழுதிருக்கிறான். அம்மா தன் கைக்கண்ணாடியை அவனிடம் கொடுத்து, வெயில் நம் வீட்டுக்கு வந்ததும் அதைப் பிடித்து அக்காவுக்குக் காட்டு என்றாளாம்.

அம்மா சும்மா அழுகையை நிறுத்தச் சொன்னது, நிஜமாகவே பலித்துவிட்டது. விடியும்போது குன்றின் நிழல் அந்த வீட்டின்மேல் கிடக்கும். சூரியன் ஏற ஏற நிழல் குன்றை நோக்கிச் சுருங்கும். அதன் நுனி வீட்டைக் கடக்கும் கணத்தில், வாசலில் நிற்பவனுக்குச் சூரியன் உச்சிக்கு நேர் பின்னால் எட்டிப் பார்க்கும். கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் போதும், வெளிச்சம் உச்சியில் நிற்பவளின் கண்ணில் போய் விழும். அன்று மூன்று முறை மின்னியது. அப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அன்று முதல் கோரலுக்குப் பிறந்த நாள் வாழ்த்து என்றால் அந்த மூன்று மின்னல்தான். கேக்கும் மெழுகுவர்த்தியும் அப்புறம்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்கும் தம்பிக்கும் முறிந்தது. கோரல் அவரை டவுனுக்குத் தூக்கி வந்து தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் தகர வேலி. அவ்வளவு பெரிய வெளியில் வாழ்ந்த மனுஷனைத் தகரத்தைப் பார்த்துச் சாகவைத்துவிட்டாய் என்று கிளெம் அடக்கத்தன்றே, சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதோடு பேச்சு நின்றது. போன் கிடையாது, கடிதம் கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது.

ஆனால் அடுத்த ஆனியில் கோரல் வீம்புக்காகக் குன்று ஏறினாள். நிழல் சுருங்கியது. நுனி அந்த வீட்டைக் கடந்தபோது ஒரு மின்னல் வந்தது. மூன்று இல்லை, ஒன்றே ஒன்று. வாழ்த்தாக இல்லை, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி. அவள் கையில் கேமரா இருந்தது. அமுக்கினாள். அன்று தொடங்கி வருடத்துக்கு ஒரு படம், ஒரு தூசு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது வேறென்ன?

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது ஒரு பேருந்தின் அடியில். நான் படுத்துக்கொண்டு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாததால் சொன்னாளோ என்னவோ. நீரடித்து நீர் விலகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு, ஒரு போன் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

“உங்க ஊர் ஆத்துல தண்ணி இருக்கும் பால்,” என்றாள். “எங்க ஆத்தைப் பாத்தியா? வெறும் மணல். அடிச்சா அடிச்ச பள்ளம் அப்படியே கிடக்கும்.”

இனி நெவில். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். நல்ல மனுஷர், அதுதான் சங்கடமே. குழு வருடாவருடம் போடும் நாட்காட்டியை முன்பு ஒருவர் கவனித்துவந்தார், தலைகீழாக அச்சானாலும் கவலைப்படாத ஆசாமி. அவர் ஊர் மாறிப் போனதும் நெவில் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கறையைத் தேடி எடுத்த கை, சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சுத்தம் செய்தார். வழக்கம்போல ஜூன் மாதத்துப் பக்கத்துக்குக் கோரலின் படம். நிழலின் நுனி பளிங்கு மாதிரித் துப்புரவாக இருந்தது.

நாட்காட்டிகள் அச்சாகி, பெட்டி பெட்டியாக வந்து, கடைகளுக்கெல்லாம் போன பிறகுதான் கோரல் அதைப் பார்த்தாள். பணிமனைக்கே ஒரு பிரதியோடு வந்திருந்த நெவில், உன் படத்தில் ஒரு கறை இருந்தது, எடுத்துவிட்டேன், இப்போது எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டார். கோரல் நாட்காட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

“நெவில்,” என்றாள், “உன் வாயில இருக்கிறதுலயே நல்ல பல்லை ஒருத்தன் பிடுங்கிட்டு, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே?”

சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அது அவள் கதை, அவள் சொல்லாமல் நான் சொல்ல முடியாது. சாயங்காலம் அவளாகவே வந்து, “பரவால்ல, படத்துலதானே போச்சு, யாரு பாக்கப்போறா” என்றாள். அந்தப் பரவால்ல பாராட்டு இல்லை. அது நம் ஊர்ப் பரவால்ல.

அடுத்த ஆனியில் அவள் முட்டி தகராறு செய்தது. இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் குளிருக்குப் பயந்தவன். ஊரில் ஆனி என்றால் சாரல், இங்கே வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி நிற்கும். முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

குன்றின் அடிவாரத்தில், வறண்ட ஓடைக்கரையில் வண்டிகள் நின்றன. கான்வாஸ் படுக்கைக்குள் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து, ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய நெற்றி விளக்குகள் சரிவில் கார்த்திகை விளக்கு வைத்த மாதிரி வரிசையாக மேலே போயின. கோரல் என் நெற்றி விளக்கை எட்டி அணைத்தாள். கண்ணுக்குக் கொஞ்சம் வேலை கொடு என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பணிமனையில் வாய் மூடாதவள், குன்றில் ஊமை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாதை தெரிந்தது, தெரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இருட்டுக்குள் கொஞ்சம் வெளிறிய இருட்டு, அவ்வளவுதான். நட்சத்திரங்கள் தலைக்கு மேல் மட்டும் இல்லை, சரிவு கீழே விழுகிற இடத்தில் கால் மட்டத்துக்கும் இருந்தன. காலடியில் கற்கள் உடைந்த ஓடுகள் போலக் கிணுகிணுத்தன. முள்புல்லின் பிசின் வாசனை குளிருக்குள்ளிருந்து வந்தது. அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு கட்டத்தில் நடப்பது என் கால்கள் அல்ல, குன்றுதான் எங்களுக்கு அடியில் மெதுவாக நகர்கிறது என்று தோன்றியது. நான் தூங்கியிருக்கவும் கூடும். ஒரு வளைவில் என் அம்மா முன்னால் போகிற மாதிரி இருந்தது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தோடு. அம்மா இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவளுக்கு இங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது இயல்பாகவே இருந்தது.

இதோ உச்சி என்று நினைத்து ஏறுவோம், ஏறினால் இன்னொரு முதுகு எழுந்து நிற்கும். அதையும் ஏறினால் இன்னொன்று. இப்படி ஏமாந்து ஏமாந்து, ஏமாற்றம் பழகிப்போன சமயத்தில் நிஜமாகவே மேலே ஏற இடமில்லாமல் போயிற்று. கற்குவியல் ஒன்று. அதற்குப் பக்கத்தில் படம் பிடிப்பவர்கள் கிழக்கே பார்த்து வரிசை கட்டி நின்றார்கள். மூச்சு புகையாகப் போயிற்று. ஒருவரும் பேசவில்லை. பஞ்சகச்சமும் மணியும் மட்டும்தான் இல்லை, மற்றபடி கோயில் நடை திறக்கக் காத்திருப்பதுதான்.

கோரல் அவர்களுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பக்கம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். விரல் நுனிகள் திரும்பி வந்தன.

மேற்கே வானத்தின் அடியில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை, அதன்மேல் ரோஜா நிறம். அந்த நீலம் பூமியின் நிழல் என்று கோரல் முன்பொரு தடவை சொல்லியிருக்கிறாள். அது மெல்ல மெல்ல இறங்கிச் சமவெளிக்குள் கரைந்தது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள், கேமராக்கள் படபடவென்று அடித்தன, என் கழுத்தின் பின்புறம் இளஞ்சூடாயிற்று. எதிரே, தொடுவானம் வரைக்கும், குன்று தன் நிழலை விரித்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையும் அதற்குள் எங்கேயோ இருந்தது, நானும் இருந்தேன். அவ்வளவு பெரிய ஒன்றில் அவ்வளவு சின்னதாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் படக்காரர்கள் எதற்காகச் சாகிறார்கள் என்று புரிந்தது.

நிழல் சுருங்கத் தொடங்கியது. கோரல் கேமராவைக் கண்ணில் வைத்தாள், விரலைப் பொத்தானில் வைத்தாள். நுனி அங்கே இருந்த மேடுகளைக் கடந்தது, வெள்ளைக் கோடாகத் தெரிந்த ஓடையைக் கடந்தது, துருப்பிடித்த கூரையைக் கடந்தது.

ஒன்றும் மின்னவில்லை.

நிழல் இன்னும் சுருங்கியது. வீடு நல்ல வெயிலில் கிடந்தது. பின்னால் ஆட்கள் சிரித்துப் பேசிச் சாண்ட்விச் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கோரல் கேமராவை இறக்கவே இல்லை. தூங்கியிருப்பான் என்றேன். மாடு பார்க்கப் போயிருப்பான் என்றேன்.

“அவன் என்னைத் திட்டி, என் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொன்ன வருஷம்கூட வந்து நின்னான் பால்,” என்றாள். “வரலைன்னா, அவனால வர முடியலை.”

கீழே இறங்கிய வேகத்தில் என் தோள் தேவைப்படவில்லை. முட்டியை அவள் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. ஊர்ப் பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் பிக்கப்பை மேற்கே மண் சாலையில் ஒடித்தாள். போன் போட்டுப் பாரேன் என்றதற்கு, எடுக்காமல் போனால் வழியெல்லாம் அந்த மணிச்சத்தம்தான் கேட்கும் என்றாள். சிவப்புத் தூசி எங்களுக்குப் பின்னால் எழுந்து குன்றையே மறைத்தது. பாதி வழியில் அவள் அழுதாள். துடைக்காமல், ஸ்டியரிங்கை விடாமல், பேருந்து ஓட்டுகிற நேர்த்தியோடு அழுதாள். அவன் எத்தனை நாளாக அப்படிக் கிடக்கிறானோ, யாருக்குத் தெரியும், எனக்கு ஒரு தம்பிதானே, வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். நான் ஜன்னலை ஏற்றினேன்.

வாசலில் நாய் குரைத்தது. புகைபோக்கியில் புகை. மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் குனிந்து குழாயை முறுக்கிக்கொண்டிருந்தான், கோரலை நீட்டி மெலிய வைத்த மாதிரி. வண்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் குழாயைப் பார்த்தான்.

கோரல் இறங்கி நேராகப் போய், தலையிலிருந்த குல்லாயைக் கழற்றி அவனை அடித்தாள். பச்சைக் குல்லாயால் இரண்டு அடி, அப்புறம் ஆரஞ்சால்.

“செத்துட்டேன்னு நினைச்சேன்டா உன்னை.”

“அழிச்சதே நீதானே,” என்றான் கிளெம். “அப்புறம் செத்தா என்ன, இருந்தா என்ன?”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. அவன் சமையலறைக்குள் போனான், நாங்கள் பின்னால் போனோம். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே ஆணியில் குழுவின் நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. தபால் வண்டிக்காரனிடம் சொல்லி வருடாவருடம் வாங்கியிருக்கிறான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான், எல்லாமே ஜூன் மாதத்தில் திறந்திருந்தன. ஒவ்வொரு படத்திலும் நிழலின் நுனியில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் வெள்ளைப் பொட்டு. மேலே இருந்த புது நாட்காட்டியிலும் வட்டம் போட்டிருந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

“மூக்குக்கண்ணாடி போட்டுப் பாத்தேன். வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன்,” என்றான். “வருஷத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் நான் இருந்தேன் உனக்கு. அதையும் துடைச்சிட்டே.”

கோரல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெவிலைப் பற்றி, கறையைப் பற்றி, பல் பிடுங்குவதைப் பற்றி நான்தான் சொன்னேன். கிளெம் முழுவதையும் கேட்டான். என்னைத் தூசுன்னா நினைச்சான் அந்த ஆளு என்று கேட்டான். ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்றேன். அவன் வாயோரம் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

கோரல் தலையைத் தூக்காமலேயே பேசினாள். “அப்பாவை நான் இங்கயே விட்டிருக்கணும் கிளெம். பயந்துட்டேன். ராத்திரியில மூச்சு நின்னா நீ தனியா என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன்.”

கிளெம் கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

“எனக்கும்தான் பயம்,” என்றான். “நீ கூட்டிட்டுப் போனப்ப நிம்மதியா இருந்துச்சு. அதுக்குத்தான் உன்னைத் திட்டினேன்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அழுது கட்டிக்கொள்வார்கள் என்று நான் காத்திருந்தேன், இவர்களுக்கு அது வராது. கிளெம் ஒரு டப்பாவைத் திறந்தான். பழக் கேக். யாருக்காகச் செய்தது என்று அவன் சொல்லவில்லை. வெட்டிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் பழைய கைக்கண்ணாடி ஒன்று, ரசம் போய் ஓரமெல்லாம் கறுத்தது. கோரலைக் கையைப் பிடித்து இழுத்து வாசலில் நிறுத்தினான். நாலு அடி தள்ளி நின்று, நல்ல வெயிலை வாங்கி அவள் முகத்தில் அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

“கண்ணு கூசுது, நிறுத்துடா,” என்றாள் கோரல். கண்ணை மூடவில்லை.

அடுத்த ஆனி வந்தபோது அவள் முந்தைய நாளே கேக் டப்பாவோடு மேற்கே கிளம்பினாள். கேமராவை என் மடியில் போட்டாள். இந்த வருடம் நீ ஏறு என்றாள். எனக்கு எடுக்கத் தெரியாது, குளிர், முதுகு என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

“எல்லாரும் பாக்கிற பக்கம் பாக்காதே பால். திரும்பி நில்லு. அவ்வளவுதான் வித்தை.”

தனியாக ஏறினேன். விளக்கு போடவில்லை. அம்மா வருவாளோ என்று அந்த வளைவில் கொஞ்சம் நின்றேன், வரவில்லை. உச்சியில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி அதே பாறையில் உட்கார்ந்தேன். ரோஜா நிறம் இறங்கியது, நிழல் விரிந்தது, சுருங்கியது. நுனி ஓடையைக் கடந்தது. கூரையைக் கடந்தது. ஒரு பொட்டு மின்னியது, நிலையாக, பழகின கை. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு பொட்டு, நடுங்கி நடுங்கி, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் வானத்தையெல்லாம் துழாவிவிட்டு, கடைசியில் என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. நான் அழுதேன். குளிர்க்காற்று என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன், காற்றே இல்லை. அமுக்கவேண்டும் என்பது கடைசி நொடியில்தான் நினைவு வந்தது.

பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே பொட்டாகத்தான் தெரியும் என்று கிளெம் அவளை வேலியின் அந்தக் கோடிக்குத் துரத்திவிட்டானாம். பிறந்த நாளும் அதுவுமாக முள்ளுக்குள் நிற்கவைத்தான் என்று கோரல் வந்து புலம்பினாள். அந்த வருடம் படத்தை நெவிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அவருக்கு இப்போது கதை தெரியும். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, திரையில் பெரிதாக்கி, நுனியை வெகு நேரம் பார்த்தார்.

“ரெண்டு இருக்கே பால்,” என்றார். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்காட்டி கிளெம்மின் சமையலறையில் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. ஜனவரியிலேயே ஜூனுக்குப் புரட்டிவிட்டான். போனபோது என்னிடம் காட்டினான். படம் எப்படி என்று கேட்டேன், பரவால்ல என்றான். நிழலின் நுனியில் பென்சில் வட்டம் இருந்தது, முன்பெல்லாம் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோணலாக. இரண்டு பொட்டுக்கும் சேர்த்து ஒரே வட்டம்தான் போட்டிருந்தான்.